கறித்தூள் பைக்கற்றும் மூன்று கோடும்: நிறையைக் கண்காணிக்க ஒரு செய்முறை

உப்புவெளியில் எங்கள் சித்தி வீட்டில் கறித்தூள் அரைத்து 100 கிராம் பைக்கற்றாகக் கட்டி, சுற்றியுள்ள கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஒரு கடைக்காரர் "நிறை குறையுது" என்று ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பியதால்தான் நான் இதில் தலையிட்டேன். சித்தி கிண்ணத்தால் அள்ளிப் போடுவார், இடைக்கிடை ஒன்றை நிறுத்துப் பார்ப்பார். 98 வந்தால் அடுத்ததைக் குவித்து அள்ளுவார், 104 வந்தால் குறைத்து அள்ளுவார். நல்ல எண்ணம்தான், ஆனால் தற்செயலாக வந்த ஒரு எண்ணுக்குப் பின்னால் ஓடி ஓடித் திருத்தினால் ஏற்ற இறக்கம் குறையாது, கூடும்.

சரி, தொடங்குவோம். எது தற்செயல் துள்ளல், எது காரணத்தோடு வந்த மாற்றம் என்று பிரித்துக் காட்ட மூன்று கோடுள்ள ஒரு படம் கீறப் போகிறோம், இதைக் கட்டுப்பாட்டு வரைபடம் என்பார்கள். ஒரு கொப்பி, வரைபுத்தாள், 0.1 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு போதும்.

மணிக்கு ஒரு தடவை, அடுத்தடுத்துக் கட்டிய 5 பைக்கற்றை எடுத்து, பையின் நிறையைக் கழித்து எழுதுங்கள். இப்படி 20 தடவை. பக்கத்தில் யார் கட்டியது, மழையா வெயிலா, புதுத் தூளா என்றும் குறித்துவிடுங்கள், இது பின்னால் பொன்னாகும். இந்த நாட்களில் அள்ளும் விதத்தை மாற்றவே கூடாது. (சித்தியின் கையைச் சும்மா இருக்க வைத்ததுதான் முழு வேலையிலும் கஷ்டமானது.)

அடுத்து ஒவ்வொரு ஐந்துக்கும் இரண்டு எண்: சராசரி, வீச்சு. வீச்சு என்றால் அதிகூடியதிலிருந்து அதிகுறைந்ததைக் கழிப்பது, அவ்வளவுதான். 20 சராசரிகளின் சராசரி எங்களுக்கு 101.8 கிராம், வீச்சுகளின் சராசரி 3.0 வந்தது. ஐந்து ஐந்தாக எடுத்தால் வீச்சுகளின் சராசரியை 0.577 ஆல் பெருக்க வேண்டும் (ஐந்துக்கென்று அட்டவணையில் உள்ள மாறா எண் இது, கீழே வரும் 2.114, 2.326 உம் அப்படித்தான்), அது 1.7. அதைச் சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை, கழித்தால் கீழ் எல்லை. ஆக நடுக்கோடு 101.8, மேல் எல்லை 103.5, கீழ் எல்லை 100.1. வீச்சுக்குத் தனிப் படம். அதன் மேல் எல்லை 2.114 × 3.0, அதாவது 6.3. 1924-இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் என்ற அமெரிக்கத் தொலைபேசிக் கருவி நிறுவனத்தில் வேலை செய்த வோல்டர் ஷூஹார்ட் முன்வைத்த யோசனைதான் இது. தொலைபேசிக் கருவிகளுக்காக வந்தது, கறித்தூளுக்கும் பொருந்துகிறது.

இனி ஒவ்வொரு மணிக்கும் புள்ளி வையுங்கள். கோடுகளுக்குள் துள்ளினால் கையை வைக்காதீர்கள். வெளியே போனால், அல்லது எட்டுப் புள்ளி தொடர்ந்து நடுக்கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால், உடனே காரணம் தேடுங்கள். எங்களுக்கு ஒருநாள் வீச்சு 8 ஐத் தாண்டியது. கொப்பியைப் பார்த்தால் "ஃபேன் போட்டது" என்று இருந்தது, காற்று தராசுத் தட்டில் பட்டு எண் ஆடியிருக்கிறது. தூளில் பிழையே இல்லை. வாடைக்காற்று தொடங்கியதும் வேறு கதை, ஒன்பது சராசரி வரிசையாக நடுக்கோட்டுக்குக் கீழே விழுந்தது. ஈரத்தில் தூள் கட்டிபட்டு, கிண்ணத்துக்குள் இடைவெளி விழுந்து, அதே கிண்ணத்தில் குறைவாக நின்றது. சலித்து அள்ளியதும் மேலே வந்தது.

இங்கேதான் புதியவர்கள் சறுக்குவார்கள், நானும் சறுக்கினேன். புள்ளியெல்லாம் எல்லைக்குள் இருந்தால் பைக்கற் எல்லாம் சரி என்று நினைத்துவிட்டேன். அந்த எல்லை ஐந்தின் சராசரிக்கு, தனிப் பைக்கற்றுக்கு இல்லை. தனிப் பைக்கற்றின் நியம விலகல் (பைக்கற்றுகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகும் என்ற அளவு) வேண்டுமானால் 3.0 ஐ 2.326 ஆல் வகுக்க வேண்டும், 1.29 வரும். ஏறக்குறைய எல்லாப் பைக்கற்றும் சராசரியிலிருந்து இதன் மூன்று மடங்குக்குள் விழும், அப்படியானால் ஒன்று 98 வரை இறங்கலாம், நூற்றுக்கு ஏறக்குறைய எட்டு 100 ஐ விடக் குறையும். கடைக்காரர் சொன்னது உண்மைதான்!

இதற்கு இரண்டு வழி. எல்லாவற்றிலும் கூடத் தூள் போடலாம், அது காசு. இல்லையென்றால் துள்ளலைக் குறைக்கலாம். கிண்ணத்தின் வாயை ஒரு தட்டைத் தடியால் வழித்துவிடத் தொடங்கினோம், வீச்சின் சராசரி 1.4 க்கு வந்தது, நியம விலகல் 0.6. இப்போது 101.8 இலிருந்து அதன் மூன்று மடங்கைக் கழித்தாலும் கிட்டத்தட்ட 100. ஒரு சிட்டிகை கூடப் போடவில்லை.

முறை மாறினால் பழைய கோடுகள் செல்லாது, புதிதாக 20 தடவை எடுத்துக் கீறுங்கள். பழைய தாளை எறியாதீர்கள், அடுத்த மாரிக்கு எடுத்துப் பார்க்க உதவும்.