சேவல் மாற்றுவதும் கண்ணில் ஒரு சொட்டும்: கொல்லைக் கோழிகளின் நோய் எதிர்ப்பைக் காக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டோங்காட், வெருலம் பக்கம் கொல்லையில் கோழி வளர்ப்பவர்கள் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் விடுவது வழக்கம். முட்டை கருக்கூட அது போதும். ஆனால் பொரிக்கும் குஞ்சுகள் எல்லாம் ஒரே சேவலுக்குப் பிறந்தவை. இப்படியே போனால் தலைமுறைக்குச் சுமார் 14 சதவீதம் ரத்த நெருக்கம் (உறவுக்குள்ளேயே இனம் சேர்வது) ஏறும். 4 சேவலும் 20 பெட்டையும் இருந்தால் 4 சதவீதத்துக்குள் நிற்கும்.

இதில் அடிபடுவது நோய் எதிர்ப்புதான். கோழியின் 16ஆம் குரோமோசோமில் உள்ள 'பி' மரபணுத் தொகுதிதான் கிருமியின் துண்டுகளை எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும் புரதங்களைத் தருகிறது. பி21 வகை உள்ள கோழி மாரெக்ஸ் என்ற வைரஸ் நோயை நன்றாகத் தாங்கும். பி19 உள்ளது எளிதில் விழும். கூட்டத்தில் பல வகை இருந்தால் எந்த நோய் வந்தாலும் சில கோழிகளாவது தப்பும்.

நான்கு குழுவாகப் பிரியுங்கள். குழுவுக்கு 1 சேவல், 5 பெட்டை. காலில் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் வளையம் மாட்டுங்கள். பெண் குஞ்சு தாயின் குழுவிலேயே இருக்கட்டும். ஆண் குஞ்சு வளர்ந்ததும் அடுத்த நிறத்துக்குப் போகட்டும், மஞ்சளுடையது சிவப்புக்கு. சேவலை வருடா வருடம் மாற்றாவிட்டால் தன் மகள்களோடே சேர்ந்துவிடும். மாற்றியபின் 3 வாரம் அடை வைக்காதீர்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் அதுவரை உயிரோடு இருக்கும். பலர் கோட்டைவிடும் இடம் இது. வெளியிலிருந்து வெண்டா, கூக்கூக் இனச் சேவல் வாங்கினால் 30 நாள் தனியே அடைத்து வையுங்கள்.

வெள்ளைக்கழிச்சல் (நியூகாசில் நோய்) தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்து, கண்ணில் ஒரு சொட்டு விடுங்கள். கோழி கண் சிமிட்டி அதை உள்ளே இழுக்கும்வரை கையை எடுக்காதீர்கள். முதல் வாரத்தில் போட்டதைத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் ஓரளவு முறித்துவிடும். அதனால் 3, 4 வாரத்தில் மறுபடி போடவேண்டும்.

அதற்கு 3 வாரம் கழித்து, இறக்கை நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் எதிர்ப்பு அளவு பார்க்கச் சொல்லுங்கள். எல்லாமே குறைவு என்றால் மருந்து கெட்டிருக்கும். ஓரிரண்டு மட்டும் குறைவு என்றால் சொட்டு தவறியிருக்கலாம். மறுபடி போட்டும் ஏறாத கோழியின் முட்டையை அடைக்கு எடுக்காதீர்கள். அதற்காக அளவு உச்சத்தில் உள்ளதை மட்டும் பொறுக்குவதும் தவறு: அப்படித் தேர்ந்த வம்சங்களில் உடல் எடை குறைந்தது. தவிர, மாரெக்ஸை எதிர்ப்பதில் செல்களின் பங்குதான் பெரிது. ரத்தத்தில் உள்ள அளவு அதைச் சொல்லாது.

பச்சைக் கழிச்சல், கழுத்து முறுக்கல், திடீர்ச் சாவு கண்டால் கோழியை வெளியே விற்காமல் உடனே அரசு கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் வெள்ளைக்கழிச்சல் கட்டுப்படுத்தப்பட்ட நோய்.