மச்சானின் ஆட்டோவும் என் வங்கி வேலையும்

யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கி வேலைக்கு எல்லாம் முடிந்து, பின்னணிச் சோதனையில் மட்டும் மூன்று கிழமை இழுபட்டது. பொலிஸ் அறிக்கை சுத்தம், சான்றிதழ்களிலும் பிழையில்லை. நற்சான்று தந்த இருவருக்கும் மாறி மாறி கோல் எடுத்ததுதான் மிச்சம். எனக்குக் கடனே இல்லை என்ற நினைப்பில், கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் கிரிப் (CRIB) பக்கம் போகவே இல்லை.

கடைசியில் அந்தக் கிரிப்பில், அதாவது கொடுகடன் தகவல் பணியகத்தில், என் அறிக்கையை எடுத்தேன். என் பெயரில் கடன் ஒன்றும் இல்லை. ஆனால் மற்றவர்களுக்காக நாம் பிணை நின்ற கடன்களின் பகுதி தனியாக இருக்கும், அதைத்தான் பலர் புரட்டுவதில்லை. அங்கே கிடந்தது மச்சானின் ஆட்டோ லீசிங். அவன் தவணையெல்லாம் கட்டி முடித்துவிட்டான், தாமதக் கட்டணம் 1,840 ரூபாய் மட்டும் நிலுவை. சரி, உடனே கட்டினேன்.

கட்டினாலும் அறிக்கை தானாக மாறாது. பணியகம் தன் பாட்டில் திருத்தாது, கடன் கொடுத்த நிறுவனம்தான் புதிய தகவலை அனுப்பவேண்டும். அதனால் லீசிங் கந்தோரில் கணக்கு மூடிய கடிதம் வாங்கி, திருத்தம் அனுப்பச் சொல்லியும் எழுதிக் கொடுத்தேன். கடிதத்தின் பிரதியை வங்கிக்குக் கொடுத்த நாலாம் நாள் நியமனக் கடிதம் வந்தது.