ஒரு சனிக்கிழமையில் பேல் ஏல் காய்ச்சுவது எப்படி

வீட்டிலேயே பீர் காய்ச்சிப் பார்க்கலாமே என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது ரெசிபி. எந்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), எந்த ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ), எத்தனை கிராம். ரெசிபி வேண்டியதுதான், கீழே தருகிறேன். ஆனால் நன்றாக வந்த பீருக்கும் வாயில் வைக்க முடியாத பீருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ரெசிபியால் வருவதில்லை. சனிக்கிழமை மாலை ஈஸ்ட் போட்டதிலிருந்து செவ்வாய், புதன் வரைக்கும் பீர் நொதிக்கும் பக்கெட் எவ்வளவு சூட்டில் இருந்தது என்பதால் வருகிறது. அதனால் காய்ச்சும் நாளை ஓரளவு வேகமாகவே சொல்லிவிட்டு, அந்த மூன்று நான்கு நாட்களிடம் கொஞ்சம் நின்று பேசப்போகிறேன்.

அதற்கு முன் சட்டம். இது அமெரிக்காவில் இருக்கிற, 21 வயது நிரம்பியவர்களுக்கான குறிப்பு. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால்தான் இங்கே வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு மத்திய அரசின் வரி விலக்கு கிடைத்தது. ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இரண்டு பெரியவர்களோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். மாநிலங்கள் ஒவ்வொன்றாகத்தான் ஏற்றுக்கொண்டன. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் வந்து சேர்ந்தன. விற்கக் கூடாது. வடித்துச் சாராயமாக்குவது மத்திய சட்டப்படி குற்றம், அந்தப் பக்கமே போகாதீர்கள். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் பீர் காய்ச்சுவதே மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், எனவே ஊரில் இருக்கும் தம்பிக்கு இதை அனுப்பினால் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஏன் பேல் ஏல்? கலிபோர்னியாவின் சீக்கோ ஊரில் சியரா நெவாடா கம்பெனி 1980-இல் காய்ச்ச ஆரம்பித்த பேல் ஏல் இன்றைக்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதில் மணக்கிற காஸ்கேட் ஹாப்ஸும் வீட்டில் காய்ச்சுபவர்களுக்கான எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆக, நீங்கள் காய்ச்சியதையும் கடையில் வாங்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்து எங்கே விலகியிருக்கிறீர்கள் என்று கண்டுபிடிக்கலாம். முதல் முறையே மாம்பழ பீர், காபி பீர் என்று போனால் தப்பு எங்கே நடந்தது என்று நாக்குக்குத் தெரியவே தெரியாது.

சாமான்கள்: 40 லிட்டர் பாத்திரம் ஒன்று, அதற்குள் விரித்துப் போட ஒரு பெரிய நைலான் வலைப்பை, நம்பகமான தெர்மாமீட்டர், கரைந்திருக்கும் சர்க்கரையை அடர்த்தி எண்ணாகக் காட்டும் ஹைட்ரோமீட்டர், மூடியும் ஏர்லாக்கும் (உள்ளிருந்து வாயுவை மட்டும் வெளியே விடுவது) உள்ள 25 லிட்டர் பிளாஸ்டிக் பக்கெட், செம்புக்குழாயைச் சுருளாகச் சுற்றிய சில்லர், பீரை வேறு பாத்திரத்துக்கு இறக்கும் ஆட்டோ சைபன், பாட்டில் மூடி அழுத்துகிற கருவி, கிருமி நீக்கும் திரவமான ஸ்டார் சான். கண்ணாடிக் குடுவை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் 20 லிட்டர் நிறைந்து ஈரக்கையில் வழுக்கினால் கை நரம்பு வரைக்கும் வெட்டும், பிளாஸ்டிக்கே போதும். புரொபேன் அடுப்பில் காய்ச்சுவதாக இருந்தால் வீட்டுக்கு வெளியே, திறந்தவெளியில் வைத்துக் காய்ச்சுங்கள். கராஜுக்குள் கார்பன் மோனாக்சைடு தேங்கினால் வாசனையே தெரியாது.

20 லிட்டருக்கு அளவு இதுதான்: டூ-ரோ பேல் மால்ட் 4.3 கிலோ, கிரிஸ்டல் 60 மால்ட் 350 கிராம் (கடையிலேயே அரைத்துத் தரச் சொல்லுங்கள்), கசப்புக்கு மேக்னம் ஹாப்ஸ் 14 கிராம், மணத்துக்கு காஸ்கேட் 70 கிராம், ஃபெர்மென்டிஸ் யுஎஸ்-05 ஈஸ்ட் ஒரு பாக்கெட். தானியம் ஊறவைக்கவே பயமாக இருக்கிறது என்றால் டூ-ரோவுக்குப் பதில் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 2.6 கிலோ வாங்கிக்கொள்ளுங்கள், கிரிஸ்டல் மால்ட்டை மட்டும் அரைமணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து எடுத்துவிட்டு, எக்ஸ்ட்ராக்ட்டைக் கரைத்து நேராகக் கொதிக்கவைக்கப் போய்விடலாம். அதிலும் நல்ல பீர் வரும், குறைவாக நினைக்க வேண்டாம்.

காலையில் முதல் வேலை தண்ணீர். 28 லிட்டர் பிடியுங்கள். நகராட்சித் தண்ணீரில் குளோரினோ குளோரமினோ இருக்கும், அது பீரில் சேர்ந்தால் பேண்ட்-எய்ட் பிரித்த மாதிரி ஒரு மருந்து நாற்றம் வரும், வந்துவிட்டால் எடுக்க வழியில்லை. குளோரினை நீக்கும் கேம்ப்டன் மாத்திரை ஒன்று 75 லிட்டருக்குக் காணும் என்பதால் அரை மாத்திரையை நசுக்கிப் போட்டுக் கலக்கினால் சில நிமிடத்தில் தீர்ந்தது. சில காசு செலவு, இதை விடாதீர்கள்.

தண்ணீரை 70 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, பையை விரித்து, அரைத்த தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளறுங்கள். கட்டி தட்டக் கூடாது, ஒரு கட்டி இருந்தாலும் அதற்குள் இருக்கும் மாவுச்சத்து வீண். கொட்டி முடித்ததும் சூடு 66, 67-க்கு இறங்கியிருக்கும். அதுதான் வேண்டும். இந்தச் சூட்டில் தானியத்திலேயே இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். 63 பக்கம் போனால் ஈஸ்ட் எளிதாகத் தின்கிற சர்க்கரை கூடி பீர் வறண்டு இருக்கும், 70 பக்கம் போனால் ஈஸ்ட் தின்ன முடியாதது மிஞ்சி பீர் கனமாக இருக்கும். பாத்திரத்தைப் பழைய கம்பளியால் போர்த்தி ஒரு மணி நேரம் விடுங்கள். அப்புறம் பையைத் தூக்கி வடியவிட்டு, நன்றாகப் பிழியலாம். பிழிந்தால் துவர்ப்பு வரும் என்று பலர் எழுதுவார்கள், எனக்கு அதில் நம்பிக்கையில்லை. சக்கையிலிருந்து துவர்ப்பை இழுப்பது அதிகச் சூடும் தண்ணீரின் காரத்தன்மையும்தான். சக்கையைத் தூக்கிப் போடாமல் கொஞ்சம் எடுத்து சப்பாத்தி மாவில் பிசைந்து பாருங்கள், நன்றாக இருக்கும். ஆனால் ஒன்று, ஹாப்ஸ் நாய்க்கு ஆபத்து, தின்றால் உடல் சூடு ஏறி உயிருக்கே வினையாகலாம், அதனால் கொதிக்கவைத்த பிறகு மிஞ்சும் ஹாப்ஸ் வண்டலைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள்.

இப்போது பாத்திரத்தில் சுமார் 25 லிட்டர் இனிப்பு நீர் இருக்கும், இதற்கு வொர்ட் என்று பெயர். கொதி வரும்போது நுரை பொங்கும், அந்த ஐந்து நிமிடம் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. மூடி போடாமல் 60 நிமிடம் நன்றாகக் கொதிக்கட்டும். மூடினால் மால்ட்டிலிருந்து வரும் கந்தக வாடை ஆவியோடு போகாமல் திரும்ப உள்ளேயே விழுந்துவிடும், வேகவைத்த சோளம் மாதிரி ஒரு வாசம் பீரில் தங்கும். கொதிக்க ஆரம்பித்ததும் மேக்னம் 14 கிராம். முடிய பத்து நிமிடம் இருக்கும்போது காஸ்கேட் 28 கிராம், கூடவே செம்புச் சுருளையும் உள்ளே இறக்கிவிட்டால் அது கொதியிலேயே சுத்தமாகிவிடும். அடுப்பை அணைத்து 80 டிகிரிக்கு இறங்கியதும் மிச்ச காஸ்கேட்டைப் போட்டு 20 நிமிடம் அப்படியே விடுங்கள். ஹாப்ஸின் மணம் எளிதில் ஆவியாகிப்போகிற எண்ணெய்களில் இருப்பதால் கடைசியில் போடுவது மணத்துக்கு, முதலில் போடுவது கசப்புக்கு.

பிறகு சில்லரில் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு 18 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். கோடையில் குழாய்த் தண்ணீரே 27, 28 டிகிரி இருக்கும், டெக்சாஸ் பக்கமெல்லாம் அதைவிடக்கூட இருக்கும், அதற்குக் கீழே சில்லரால் இறக்க முடியாது. அப்போது இறங்கின மட்டும் பக்கெட்டில் ஊற்றி மூடி, ஃபிரிட்ஜில் வைத்து, இரவோ மறுநாள் காலையோ 18-க்கு வந்த பிறகு ஈஸ்ட் போடுங்கள். எல்லாம் சுத்தமாக இருந்தால் அந்தத் தாமதத்தால் ஒன்றும் ஆகாது. அவசரப்பட்டு 28 டிகிரியில் போட்டுவிட்டு அப்புறம் குளிரவைத்துக்கொள்ளலாம் என்பதுதான் நான் பார்த்தவரை பலருடைய பீரைக் கெடுக்கிற ஒரே முடிவு.

சுத்தம் என்றால் இங்கே இரண்டு வேலை. அழுக்குப் போகக் கழுவுவது ஒன்று, கிருமி போக ஸ்டார் சானில் நனைப்பது இன்னொன்று. 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. நுரை இருக்கத்தான் செய்யும், அதைக் கழுவாதீர்கள், கழுவினால் செய்த வேலை போச்சு. கொதிக்கவைத்து அணைத்ததற்குப் பிறகு பீரைத் தொடுகிற எல்லாமே, பக்கெட், மூடி, ஏர்லாக், சைபன், ஹைட்ரோமீட்டர், ஈஸ்ட் பாக்கெட்டை வெட்டுகிற கத்தரிக்கோல் வரை இதில் நனைய வேண்டும். உள்பக்கம் கீறல் விழுந்த பக்கெட்டை மாற்றிவிடுங்கள், கீறலுக்குள் ஒளிந்த பாக்டீரியாவை எந்தத் திரவமும் முழுசாக எட்டாது.

ஹைட்ரோமீட்டரில் 1.048-லிருந்து 1.050-க்குள் வந்தால் சரியாக இருக்கிறது. ஈஸ்ட்டை மேலே தூவி மூடுங்கள், ஏர்லாக் மாட்டுங்கள்.

சரி, இனிதான் முக்கியமான கட்டம். முதல் அரை நாள் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே ஈஸ்ட் பெருகிக்கொண்டிருக்கும். பெருகும் இந்த நேரத்திலும் அடுத்த இரண்டு நாளிலும்தான் சுவையின் பெரும்பகுதி உருவாகிறது. சூடு அதிகமானால் ஈஸ்ட் வெறியோடு வேலை செய்து கனமான ஆல்கஹால்களை உண்டாக்கும், தின்னர் மாதிரி தொண்டையில் காந்தும். இதில் ஏமாற்றுகிற விஷயம் என்னவென்றால் நொதித்தலே சூடு உண்டாக்குகிற வேலை. அறையில் 22 டிகிரி என்று சுவரில் உள்ள தெர்மோஸ்டாட் சொல்லும், வேகம் உச்சத்தில் இருக்கும்போது பக்கெட்டின் நடுவில் 25, 26 இருக்கும். அதனால் அறையின் சூட்டை நம்பாமல் பக்கெட்டின் சூட்டை அளக்க வேண்டும். பக்கெட் மேல் ஒட்டுகிற தெர்மாமீட்டர் பட்டை சில டாலருக்குக் கிடைக்கும்.

செலவில்லாத வழி: பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் பக்கெட்டை நிறுத்தி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஐஸாக உறைந்த தண்ணீர் பாட்டில் இரண்டைக் காலையும் மாலையும் மாற்றிப் போடுங்கள். பக்கெட்டுக்குப் பழைய பருத்தி டி-ஷர்ட்டைப் போட்டு அதன் ஓரம் தண்ணீரில் தொங்கும்படி விட்டு ஃபேனைத் திருப்பினால், மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே வழியில் இன்னும் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அரிசோனா மாதிரி வறண்ட இடத்தில் இது பிரமாதமாக வேலை செய்யும், ஹூஸ்டன் மாதிரி புழுக்கத்தில் ஐஸைத்தான் நம்ப வேண்டும்.

கொஞ்சம் செலவு செய்யத் தயாராக இருந்தால் பளபளக்கும் புதுப் பாத்திரத்துக்கு முன்னால் இதற்குச் செய்யுங்கள்: பழைய செஸ்ட் ஃப்ரீசர் ஒன்று, இன்க்பேர்ட் மாதிரி சூட்டைக் கட்டுப்படுத்தும் ஒரு கன்ட்ரோலர். ஃப்ரீசரின் பிளக்கை கன்ட்ரோலரில் செருகி, அதன் சென்சாரைப் பக்கெட்டின் பக்கவாட்டில், மேலே ஒரு ஸ்பாஞ்சை வைத்து டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஸ்பாஞ்ச் இல்லாவிட்டால் சென்சார் ஃப்ரீசருக்குள் இருக்கும் காற்றை அளக்கும், பீரை அளக்காது. 18 டிகிரியில் வைத்து, கம்ப்ரசர் அடிக்கடி ஓடி நின்று கெடாமல் இருக்க ஐந்து நிமிட இடைவெளி கொடுத்துவிடுங்கள்.

நான்காம் நாள் வாக்கில் நுரை அடங்கத் தொடங்கும். இப்போது எதிர்மாறாகச் செய்ய வேண்டும், 21-க்கு ஏறவிடுங்கள். நடுவில் ஈஸ்ட் உண்டாக்கிய வெண்ணெய் வாசத்தையும் பச்சை ஆப்பிள் வாசத்தையும் கடைசியில் அதுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், அதற்கு இந்த இளஞ்சூடு உதவும். முன்னால் சூடு கெடுத்தது, பின்னால் அதே சூடு சரிசெய்கிறது. பத்து நாளாவது தொடாமல் விட்டுவிடுங்கள், மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதால் ஆக்சிஜன்தான் உள்ளே போகும், அட்டைப்பெட்டி மாதிரி பழைய வாசம் வரும்.

ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை ஹைட்ரோமீட்டர் பாருங்கள், இரண்டிலும் ஒரே எண், அதுவும் 1.010 பக்கம் என்றால் முடிந்தது, சுமார் 5 சதவீத ஆல்கஹால். எண் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போது பாட்டிலில் அடைத்தால் பாட்டில் வெடிக்கும்.

அடைக்கும் நாளில் சோளச் சர்க்கரை 115 கிராமைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து, இன்னொரு சுத்தமான பக்கெட்டின் அடியில் ஊற்றி, அதன் மேல் பீரைச் சைபனில் சலசலப்பில்லாமல் இறக்குங்கள். சிந்தல் சிதறல் போக 355 மில்லி பாட்டில் ஐம்பது வரும். பழுப்பு பாட்டில் மட்டும். பச்சையிலும் வெள்ளையிலும் வெளிச்சம் பட்டு ஹாப்ஸ் நாற்றமெடுக்கும். இரண்டு வாரம் 20 டிகிரிக்கு மேல் வைத்து, பிறகு ஃபிரிட்ஜ். காஸ்கேட் மணம் வேகமாகப் போய்விடும் என்பதால் இரண்டு மாதத்துக்குள் குடித்துத் தீர்த்துவிடுங்கள்.

இது கைக்கு வந்ததும் அடுத்த வார இறுதிக்கு என் யோசனை, ரெசிபியை மாற்றாமல் வொர்ட்டைப் பத்துப் பத்து லிட்டராக இரண்டு பக்கெட்டில் பிரித்து ஒன்றில் யுஎஸ்-05, மற்றொன்றில் இங்கிலீஷ் வகையான எஸ்-04 போடுவது. இரண்டும் ஒரே தொட்டியில், ஒரே சூட்டில். ஒரே தானியம், ஒரே ஹாப்ஸ் என்றாலும் குடிக்கும்போது இரண்டு வேறு பீர். அதற்கடுத்து கோதுமையில் பெல்ஜியம் விட்பியர் முயற்சி செய்யலாம், அதில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் உண்மையாகவே சேர்ப்பார்கள். 20 லிட்டருக்கு 15 கிராம் மல்லியை அப்போதே உரலில் தட்டி, கொதியின் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள். பீர் சாமான் கடையில் வருஷக்கணக்காகப் பாக்கெட்டில் கிடக்கும் மல்லியை வாங்காமல் இந்தியன் ஸ்டோரில் புதுசாக வந்த முழு மல்லியை வாங்குங்கள், மணம் கூடுதல், விலை குறைவு.