தேர்தல் பத்திரம்: யார் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று நீங்களே பார்க்கலாம்

ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதுபவன் நான். பேரேட்டையும் வங்கிக் கணக்கையும் ஒத்துப் பார்க்கத் தெரிந்த யாரும் இந்த வேலையைச் செய்யலாம். செய்யவும் வேண்டும், நம்மை ஆள்கிறவர்களுக்குப் பணம் கொடுத்தது யார் என்பதை ஆறு வருடம் நம்மிடம் மறைத்தார்கள்.

தேர்தல் பத்திரம் என்பது, கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குப் பணம் கொடுக்க வங்கியில் வாங்கிய பத்திரம்; கட்சி அதை வங்கியில் பணமாக்கிக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. அதன்பின் தேர்தல் ஆணையம் மார்ச் 14 அன்று வெளியிட்ட பட்டியலில் பத்திர எண் இல்லை, அதை விட்டுவிடுங்கள். மார்ச் 21 அன்று வந்த இரண்டு பிடிஎஃப்களை எடுங்கள்: ஒன்று வாங்கியவர்களுடையது, மற்றது பணமாக்கிய கட்சிகளுடையது. இரண்டையும் எக்செல்லுக்கு மாற்றுங்கள்.

பலரும் இடறுவது இங்கேதான். பத்திர எண்ணுக்கு முன்னால் எழுத்துகள் இருக்கும். ஓசி (OC) என்றால் ஒரு கோடி, டிஎல் (TL) என்றால் பத்து லட்சம், ஓஎல் (OL) என்றால் ஒரு லட்சம். ஒரே எண் வேறு மதிப்பிலும் வரும் என்பதால் எழுத்தையும் எண்ணையும் சேர்த்து ஒரே கட்டத்தில் போட்டுத் தேடுங்கள். இரண்டு பட்டியலிலும் அது ஒத்துப்போனால், அந்த நிறுவனத்தின் பணம் அந்தக் கட்சிக்குப் போயிருக்கிறது. பட்டியல் 2019 ஏப்ரல் 12 முதல்தான். அதற்கு முன் வாங்கி, பிறகு மாற்றிய பத்திரங்களுக்கு ஜோடி கிடைக்காது, பதற வேண்டாம்.

உங்களுக்குப் பிடித்த கட்சியிலிருந்தே தொடங்குங்கள். மொத்தத்தில் அதிகம் பெற்றது பாஜக. அதிகம் கொடுத்தது லாட்டரி அதிபர் மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி தனக்கு வந்ததாக திமுகவே ஆணையத்திடம் சொன்னது. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை. அப்படியிருக்க இவ்வளவு பணம் எதற்கு என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

அப்புறம், நிறுவனம் பத்திரம் வாங்கிய தேதிக்குப் பக்கத்தில் அதற்குக் கிடைத்த டெண்டர், அங்கே நடந்த சோதனை ஆகியவற்றின் தேதிகளை எழுதுங்கள். தேதிகள் நெருங்கியிருப்பது மட்டும் லஞ்சத்துக்குச் சாட்சி ஆகாது. ஆனால் உங்கள் எம்.பி.யிடம் கேட்கக் கேள்வி கிடைக்கும். சிறப்புப் புலனாய்வு வேண்டும் என்ற மனுக்களை 2024 ஆகஸ்டில் நீதிமன்றம் ஏற்கவில்லை. அதனால் கேட்கும் பொறுப்பு நம்மிடம் கூடியிருக்கிறது.

இப்போதைய நன்கொடைகளுக்கு, 20,000 ரூபாய்க்கு மேல் பெற்றதைக் கட்சிகள் ஆண்டுதோறும் தரும் அறிக்கையையும், நன்கொடை வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தேர்தல் அறக்கட்டளைகளின் அறிக்கையையும் அதே ஆணையத்தின் தளத்தில் பாருங்கள். அறக்கட்டளையில் பலர் பணம் ஒன்றாகக் கலந்துவிடுவதால் எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. தேதியையும் தொகையையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.