குரு பார்வை எங்கே விழுகிறது? ராசிக் கட்டத்தை நெருப்பு, நிலம், காற்று, நீர் கொண்டு படிக்கும் முறை

ஈரோடு, கோபி, காங்கேயம் பக்கம் வரன் பார்க்கும் வீடுகளில் ஜாதகத்தைக் கையில் எடுத்ததும் வரும் பேச்சு, "செவ்வாய் எங்கிருக்குதுங்க, குரு பார்க்குதுங்களா?" என்பதுதான். 4, 7, 8 என்று எண்ணி, பார்வை எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று சொல்லப் பலருக்கும் தெரியும். விழுந்த இடம் அந்தப் பார்வையை ஏற்குமா, எதிர்க்குமா என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. அதற்குப் பதில் ராசிகளின் பூதத்தில், அதாவது நெருப்பு, நிலம், காற்று, நீர் என்ற தன்மையில் இருக்கிறது.

லக்னம், பன்னிரண்டு ராசி, ஒன்பது கிரகம், பார்வை எண்ணும் முறை ஆகியவை தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: கட்டத்துக்கு நிறம் தீட்டுங்கள்

ஒரு தாளில் ராசிக் கட்டம் போடுங்கள். மேஷத்தில் தொடங்கி வலமாக நெருப்பு, நிலம், காற்று, நீர் என்று மூன்று சுற்று வரும். மேஷம், சிம்மம், தனுசு நெருப்பு. ரிஷபம், கன்னி, மகரம் நிலம். மிதுனம், துலாம், கும்பம் காற்று. கடகம், விருச்சிகம், மீனம் நீர். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நான்கு கலர் பென்சில் போதும்.

நம் கட்டத்தில் நான்கு மூலையிலும் இருப்பவை மீனம், மிதுனம், கன்னி, தனுசு. நான்கு மூலைக்கும் நான்கு வேறு நிறம் வந்திருந்தால் சரியாகத் தீட்டியிருக்கிறீர்கள்.

கணக்குப் போட நானும் கணினியைத்தான் நம்புகிறேன். ஜகந்நாத ஹோரா என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, பாகை கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) வரை துல்லியமாகத் தருகிறது. ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் ஆப் வேண்டாம். தாளில் கையால் தீட்டியவர்களுக்குத்தான் இது மனதில் பதிகிறது.

படி 2: கிரகத்தின் சொந்தப் பூதம்

பழைய ஜோதிட முனிவர் பராசரரின் முறையில் செவ்வாய் நெருப்பு, புதன் நிலம், குரு ஆகாயம், சுக்கிரன் நீர், சனி காற்று. சூரியனை நெருப்போடும் சந்திரனை நீரோடும் சேர்ப்பது வழக்கம். ஆகாயத்துக்குத் தனி ராசி கிடையாது. ராகு, கேதுவை ஆரம்பத்தில் விட்டுவிடுங்கள். நின்ற ராசியின் அதிபதியைப் பார்த்து அவற்றை முடிவு செய்வது தனிப் பாடம்.

படி 3: எண்ணிக்கைக்குள் இருக்கும் பூதம்

எனக்கு நீண்ட காலம் பிடிபடாமல் இருந்தது இந்த இடம்தான். அதனால் இங்கே மெதுவாகப் போகிறேன்.

நெருப்பும் காற்றும் நட்பு, நிலமும் நீரும் நட்பு. நெருப்பும் நீரும் பகை, நிலமும் காற்றும் பகை. மற்ற சேர்க்கைகளை, அதாவது நெருப்பு–நிலம், காற்று–நீர் இரண்டையும், சமம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது நிறம் தீட்டிய கட்டத்தில் எந்த ராசியில் இருந்து வேண்டுமானாலும் எண்ணிப் பாருங்கள். 5, 9 எப்போதும் அதே நிறத்தில் விழும். 3, 7, 11 எப்போதும் நட்பு நிறத்தில் விழும். 2, 6, 10 மூன்றும் வரிசையில் அடுத்த நிறம். 4, 8, 12 மூன்றும் முந்தைய நிறம். பன்னிரண்டு ராசிக்கும் இது மாறாது.

கிரகங்களின் சிறப்புப் பார்வையை இதன் மேல் வைத்துப் பாருங்கள்.

குருவுக்கு 5, 7, 9. ஐந்தும் ஒன்பதும் குரு நிற்கும் ராசியின் பூதத்திலேயே விழுகின்றன, ஏழு நட்புப் பூதத்தில். குருவின் மூன்று பார்வையில் ஒன்றுகூடப் பகைப் பூதத்துக்குப் போவதில்லை. "குரு பார்க்கக் கோடி நன்மை" என்று நம் ஊரில் சொல்வதைக் கட்டத்திலேயே காட்ட முடியும் என்பது தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

செவ்வாய்க்கு 4, 7, 8. நான்கும் எட்டும் ஒரே பூதத்தில் விழும், அதுவும் முந்தைய பூதத்தில். செவ்வாய் நெருப்பு ராசியில் இருந்தால் இரண்டும் நீரில். காற்று ராசியில் இருந்தால் இரண்டும் நிலத்தில். இரண்டுமே பகை. செவ்வாய் நில ராசியிலோ நீர் ராசியிலோ இருந்தால் 4, 8 சமமான பூதத்துக்குப் போகும். ஒற்றைப்படை ராசி நெருப்பும் காற்றும், இரட்டைப்படை ராசி நிலமும் நீரும் என்பதால் சுருக்கமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: ஒற்றைப்படை ராசிச் செவ்வாயின் 4, 8 பார்வை முட்டும்.

சனிக்கு 3, 7, 10. மூன்றும் ஏழும் நட்புப் பூதத்தில். பத்து மட்டும் அடுத்த பூதத்தில். இதில் கணக்கு செவ்வாய்க்கு நேர் எதிர். சனி இரட்டைப்படை ராசியில் இருந்தால் பத்தாம் பார்வை பகைப் பூதத்தில் விழும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். சிம்ம லக்னம். மேஷத்தில் செவ்வாய், கடகத்தில் சந்திரன், தனுசில் குரு, கும்பத்தில் சனி.

குருவின் ஐந்தாம் பார்வை மேஷத்துச் செவ்வாய் மேலும், ஒன்பதாம் பார்வை லக்னத்தின் மேலும் விழுகிறது. மூன்றும் நெருப்பு. பார்ப்பவர், பார்க்கப்படுபவர், லக்னம் எல்லாம் ஒரே பூதத்தில் இருக்கும்போது அந்தப் பார்வையைத் தயங்காமல் பலமாக எடுக்கலாம். அடுத்து, செவ்வாயின் நான்காம் பார்வை கடகத்துச் சந்திரன் மேல் விழுகிறது. நெருப்பில் இருந்து நீருக்கு வரும் பார்வை, அதுவும் மனதைக் காட்டும் சந்திரன் மேல். சட்டென்று கோபம், பிறகு வருத்தம் என்று ஜோதிடர் சொல்வது இந்த அமைப்பை வைத்துத்தான். ஆனால் செவ்வாய்க்குச் சந்திரன் நட்புக் கிரகம், சந்திரனும் இங்கே ஆட்சி, அதாவது சொந்த ராசியில் இருக்கிறார். அதனால் சூட்டைத் தாங்கும் நீர் என்றுதான் நான் படிப்பேன்.

சனியைக் கவனியுங்கள். கும்பத்தில் இருந்து மூன்றாம் பார்வையாக மேஷத்துச் செவ்வாயைப் பார்க்கிறார். காற்றும் நெருப்பும் நட்பு, ஆகவே நல்லது என்று முடித்துவிடத் தோன்றும். சனிக்குச் செவ்வாய் பகை. ஊதுகுழல் வைத்து அடுப்பை ஊதினால் குழம்பும் கொதிக்கும், கவனிக்காவிட்டால் அடியும் பிடிக்கும். பூதம் நட்பாக இருந்தால் பார்வையின் வேகம் குறையாமல் போய்ச் சேரும், அவ்வளவுதான். சேர்வது நல்லதா கெட்டதா என்பதைக் கிரகங்களின் நட்பு, பகையும் அவை எந்தப் பாவத்துக்கு (லக்னத்தில் இருந்து எண்ணும் வீட்டுக்கு) அதிபதிகள் என்பதும் சொல்லும். இந்த இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

படி 4: பூதம் வேறு, பலம் வேறு

நெருப்புக் கிரகமான செவ்வாய் உச்சமாவது (மிகுந்த பலம் பெறுவது) மகரத்தில், அது நில ராசி. நீர்க் கிரகமான சந்திரன் நீசமாவது (பலம் இழப்பது) விருச்சிகத்தில், அது நீர் ராசி. ஆட்சி, உச்சம், நீசம் பார்த்து முடித்த பிறகே பூதத்துக்கு வாருங்கள்.

படி 5: எல்லையில் நிற்கும் கிரகம்

ராசியின் கடைசிப் பாகையிலோ முதல் பாகையிலோ கிரகம் இருந்தால் அவசரப்படாதீர்கள். வீட்டில் பழைய ஜாதக நோட்டு இருந்தால் அது பெரும்பாலும் பழைய வாய்பாடுகளை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கப்படி எழுதியிருப்பார்கள். கணினி தருவது திருக்கணிதம், அதாவது வானத்தில் கிரகம் நிற்கும் இடத்தை ஒட்டிய கணக்கு. இரண்டுக்கும் உள்ள சிறு பாகை வித்தியாசம் எல்லையில் இருக்கும் கிரகத்தை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடும், பூதமே மாறிவிடும். நான் திருக்கணிதப் பக்கம். வானத்தில் கிரகம் நிற்கும் இடம்தான் கணக்குக்கு ஆதாரம் என்பது என் உறுதியான எண்ணம்.

சந்திரனைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. சந்திரன் நெருப்பு ராசியில் இருந்தால் பிறப்பு தசை (பிறந்த நட்சத்திரத்தை வைத்து வரும் முதல் கிரக காலம்) கேது, சுக்கிரன், சூரியன் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். நிலத்தில் சூரியன், சந்திரன், செவ்வாய். காற்றில் செவ்வாய், ராகு, குரு. நீரில் குரு, சனி, புதன். நோட்டில் ராசி கடகம், பிறப்பு தசை சுக்கிரன் என்று இருந்தால் எழுதும்போதே ஏதோ தவறியிருக்கிறது.

நவாம்சம், அதாவது ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் போடும் கட்டம், போடவும் இதே நிறங்கள் உதவும். நெருப்பு ராசிக்கு அம்சம் மேஷத்தில் தொடங்கும், நிலத்துக்கு மகரத்தில், காற்றுக்குத் துலாத்தில், நீருக்குக் கடகத்தில். அங்கிருந்து 3 பாகை 20 கலைக்கு ஒரு கட்டம்.

வாசகர்கள் கேட்டவை (பின்னர் சேர்த்தது)

தாராபுரத்தில் இருந்து ஒருவர், ஆப்பில் வரும் லக்னமும் நோட்டில் உள்ள லக்னமும் வேறு பூதத்தில் இருக்கிறதே என்று கேட்டிருந்தார். பிறந்த ஊரைப் பாருங்கள் என்றேன். ஆப்பில் சென்னை என்று இருந்தது. உதாரணத்துக்கு, கோவைக்கும் சென்னைக்கும் தீர்க்கரேகையில் 3 பாகைக்கு மேல் வித்தியாசம், நேரத்தில் சுமார் 13 நிமிடம். லக்னம் ஒரு பாகை நகர ஏறத்தாழ 4 நிமிடம்தான் ஆகும். எல்லையில் இருக்கும் லக்னம் இதிலேயே மாறிவிடும்.

அப்பாரு, அப்பிச்சி (தாத்தாக்கள்) காலத்து ஜாதகம் போடுபவர்களுக்கு இன்னொன்று. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, போர்க்காலத்தில் இந்தியக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டிருந்தது. கடிகார நேரம் குறித்திருந்தால் ஒரு மணி கழிக்க வேண்டும். சூரிய உதயத்தில் இருந்து எண்ணும் உதயாதி நாழிகை எழுதியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

அதிகம் வந்த கேள்வி மூலம், கேட்டை, ஆயில்யம் பற்றியது. நீர் ராசி முடிந்து நெருப்பு ராசி தொடங்கும் மூன்று சந்திகளில் நட்சத்திரமும் கூடவே முடிகிறது: ஆயில்யம்–மகம், கேட்டை–மூலம், ரேவதி–அசுவினி. இதைத்தான் கண்டாந்தம் என்கிறார்கள். பாத (நட்சத்திரத்தில் நாலில் ஒரு பங்கு) அளவில் எடுத்தால் நீரின் கடைசிப் பாதமும் நெருப்பின் முதல் பாதமும் மட்டும்தான் அதில் வரும். அதற்காக நட்சத்திரம் முழுவதையும் ஒதுக்குவதும், பெண்ணுக்கு மூலம் என்று பெயர் கேட்ட உடனே ஜாதகத்தைத் திருப்பி அனுப்புவதும் நியாயமே இல்லை. எத்தனை குடும்பங்களை இது வாட்டுகிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அப்படி ஒரு ஜாதகம் உங்கள் கைக்கு வந்தால் சந்திரனின் பாகையைக் கேட்டு வாங்குங்கள். தனுசில் 3 பாகை 20 கலையைத் தாண்டியிருந்தால் அது மூலம் இரண்டாம் பாதமோ அதற்கு மேலோ, கண்டாந்தக் கணக்கில் வராது. பொருத்தம் பார்க்கத் தாராளமாக உட்காரலாம்.