போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை: யூமிஸைத் திறக்கும் முன் ஆதாரைச் சரிபாருங்கள்

பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகைக்குத் தமிழ்நாட்டில் யூமிஸ் என்ற, கல்லூரி மாணவர் விவரங்களுக்கான அரசுத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகும் பணம் வந்து சேராமல் எத்தனையோ பிள்ளைகள் அலைகிறார்கள். பெரும்பாலும் கோளாறு விண்ணப்பத்தில் இருக்காது, வங்கியில் இருக்கும். அதனால் வங்கி வேலையை முதலில் முடியுங்கள்.

1. ஆதார் எந்த வங்கியில் நிற்கிறது?

இந்தப் பணம் ஆதார் எண்ணை வைத்து அனுப்பப்படுகிறது. பாஸ்புக் நகலை நீங்கள் எங்கே கொடுத்திருந்தாலும் சரி, என்பிசிஐ (வங்கிகளுக்கு இடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் அமைப்பு) பதிவேட்டில் உங்கள் ஆதாருக்கு நேரே எந்த வங்கி இருக்கிறதோ அங்கேதான் போய் விழும். ஓர் ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான். கடைசியாக எதைச் சேர்த்தீர்களோ அது.

"ஆதார் லிங்க் ஆகிவிட்டது" என்று கிளையில் சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். லிங்க் வேறு, சீடிங் வேறு. லிங்க் என்பது அந்த வங்கி தன் கணக்கில் ஆதார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது. அப்படி நாலு வங்கியில் இருக்கலாம். சீடிங் என்பது என்பிசிஐ பதிவேட்டில் உங்கள் ஆதாருக்கு நேரே அந்த வங்கியைப் பதிவது. அரசுப் பணம் வருவதற்கு சீடிங்தான் வேண்டும்.

ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் ஓடிபி கொடுத்து உள்ளே போய், வங்கி சீடிங் நிலை என்ற கட்டத்தைத் திறங்கள். வங்கியின் பெயரும், செயலில் இருக்கிறதா என்பதும், கடைசியாக மாறிய தேதியும் தெரியும். கணக்கு எண் தெரியாது. ஒரே வங்கியில் இரண்டு கணக்கு இருந்தால் எது என்று கிளையில்தான் கேட்க வேண்டும்.

சிம் வாங்கும்போது கடைக்காரர் கைரேகை வாங்கித் திறந்துவிட்ட பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு இங்கே அடிக்கடி தலைகாட்டும். அப்படி இருந்தால், உங்களுக்கு வேண்டிய வங்கியில் சீடிங் படிவம் கேளுங்கள். அந்தப் படிவத்தில், வேறு வங்கியில் இருக்கும் சீடிங்கை இங்கே மாற்றச் சம்மதம் தரும் பகுதி ஒன்று உண்டு. பழைய வங்கியின் பெயரை அதில் எழுத வேண்டும். பலரும் அதை வெற்றாக விட்டுவிடுவதால் சீடிங் பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறது. படிவம் கொடுத்து ஒரு வாரம் கழித்து மறுபடி தளத்தில் பாருங்கள். பெயர் மாறியிருந்தால்தான் வேலை முடிந்தது.

எந்த வங்கி நல்லது? வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கிளை உள்ள அரசுடைமை வங்கி. எப்படியும் இரண்டு முறையாவது நேரில் போக வேண்டியிருக்கும்.

2. சான்றுகள்

சாதிச் சான்று இணையவழிச் சான்றாக இருக்க வேண்டும். பழைய கையெழுத்து அட்டை என்றால் இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பியுங்கள். வருமானச் சான்றுக்குக் குடும்ப அட்டை, ஆதார், புகைப்படம் போதும். சம்பளக்காரர் என்றால் சம்பளச் சான்றும் வேண்டும். கட்டணம் 60 ரூபாய். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) பார்த்து தாசில்தார் அலுவலகத்துக்குப் போகும். போன வருடச் சான்றை நம்பி இருக்காதீர்கள்; அது ஓராண்டுக்குத்தான் செல்லும். பிடிஎஃப் கோப்பை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

3. யூமிஸ்

கல்லூரி உங்கள் விவரத்தை ஏற்றி யூமிஸ் எண் தரும். நீங்கள் உள்ளே போனதும் முதலில் பார்க்க வேண்டியது விடுதியா, வீட்டிலிருந்து வருபவரா என்ற இடம். தொகை அதைப் பொறுத்தது. எஸ்சி மாணவருக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் விடுதி என்றால் ஆண்டுக்கு 13,500, இல்லையென்றால் 7,000. பிஏ, பிஎஸ்சி என்றால் 6,000, 3,000. கல்லூரிக் கட்டணத் தொகை இதற்கு மேல் சேர்ந்து வரும். தவறாக இருந்தால் சமர்ப்பிக்கும் முன்பே கல்லூரியின் உதவித்தொகைப் பொறுப்பாளரிடம் சொல்லித் திருத்துங்கள்.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. இது சேர்க்கைக்கு முன்பே தெரிய வேண்டிய விஷயம். கலந்தாய்வில் இடம் கிடைக்க வழி இருக்கும்போது, "ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது சொல்வதை நம்பி நேரடியாகச் சேர்ந்துவிடாதீர்கள்.

4. பணம் வரும்போது

எஸ்சி மாணவருக்கு இரண்டு தவணையாக வரும். மாநிலத்தின் பங்கு 40 சதவீதம் முதலில், ஒன்றிய அரசின் 60 சதவீதம் பிறகு. முதல் தொகையைப் பார்த்துவிட்டு "குறைச்சலாகப் போட்டுவிட்டார்கள்" என்று பதற வேண்டாம். இதில் கல்லூரிக் கட்டணமும் சேர்ந்திருக்கும். அதைத் தனியே எடுத்துக் கட்டி, ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்ப்பு: இனிஷியல்

மதிப்பெண் சான்றில் "கவிதா மு", ஆதாரில் "மு கவிதா", வங்கியில் "கவிதா முருகன்" என்று இருந்தால் எங்காவது ஓரிடத்தில் மாட்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றை அடிப்படையாக வைத்து மற்றதை மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். எனவே புள்ளி, இடைவெளி எல்லாம் பார்த்து ஒரே தடவையில் சரியாகக் கொடுங்கள்.

இன்னொரு பின்சேர்ப்பு: பள்ளிக் காலத்துக் கணக்கு

பள்ளியில் படிக்கும்போது திறந்த கணக்கு என்றால், 18 வயது முடிந்ததும் கிளைக்குப் போய்ப் புதிய கையெழுத்தும் அடையாளச் சான்றும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள். சீடிங் சரியாக இருந்தும் பணம் வரவில்லை என்றால் இதைப் பாருங்கள். தகுதி இருந்தால், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயையும் இந்த உதவித்தொகையோடு சேர்த்தே வாங்கலாம். அது மாதாமாதம் வருகிறதா என்று பார்த்தாலே கணக்கு உயிரோடு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.