டர்பனிலிருந்து ஸ்னோ பார்க்கப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் குளிர்காலமான ஜூலை மாதத்திலும் நம் டர்பனில் பகலில் 22, 23 டிகிரி இருக்கும். அகுல்லாஸ் என்ற வெந்நீரோட்டம் நம் கரையை ஒட்டியே ஓடுகிறது. நமக்குப் பனி என்றால் விடிகாலையில் புல்லில் நிற்கிற ஈரம்தான். அதனால்தான் பெர்க் என்று நாம் சொல்கிற டிராகன்ஸ்பெர்க் மலையில் ஸ்னோ விழுந்தது என்று கைபேசியில் ஒரு படம் வந்தாலே எங்கள் தெருவில் நாலு வீட்டில் காரைக் கிளப்பிவிடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என் பேத்தி முதல்முறை தொட்டுப் பார்த்துவிட்டு, "தாத்தா, சுடுது!" என்றாள். அந்த முகத்தைப் பார்க்க எவ்வளவு தூரமும் போகலாம். ஆனால் நான் டர்பனிலிருந்து ஜோஹானஸ்பர்க் போகிற என்3 நெடுஞ்சாலையில் 22 வருஷம் லாரி ஓட்டியவன். கேட்டுவிட்டுப் போங்கள்.

ஸ்னோ விழுகிற அன்று போகாதீர்கள். தெற்கேயிருந்து வந்த கடுங்குளிர்க் காற்று வானத்தின் மேலடுக்கில் தனியாகப் பிரிந்து நின்றுவிடும். இந்தியப் பெருங்கடலின் ஈரக்காற்று அதற்குள் ஏறும். கீழே டர்பனில் அது மழை, மேலே மலையில் ஸ்னோ. நம் வாசலில் மழை விட்டு, வானிலை நிலையத்தின் எச்சரிக்கையும் விலகின மறுநாள்தான் சரியான நாள்.

என்3-இல் ஹோவிக் வரை போய், ஆர்617-இல் புல்வர் வழியாக அண்டர்பெர்க் போங்கள். மலை அங்கிருந்தே வெள்ளையாகத் தெரியும். சானி கணவாய் 2,876 மீட்டர் உயரம், லெசோத்தோ நாட்டின் எல்லை. பாஸ்போர்ட்டும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியும் வேண்டும். ஸ்னோ கிடக்கும்போது சாதாரணக் காரில் அந்த எண்ணமே வேண்டாம்.

என்3-இல் ஹோவிக்கையும் தாண்டி மேலே இருக்கிற வான் ரீனன் கணவாய்ப் பக்கம் மட்டும் போகாதீர்கள். 2024 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. குளிர்காலம் முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். துறைமுகத்தில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு ஜோஹானஸ்பர்க் புறப்பட்டேன். இரவு கணவாயைத் தாண்டினதும் முன்னால் ஒரு லாரி குறுக்கே மடங்கி நின்றது. அதற்குப் பின்னால் நூற்றுக்கணக்கான வண்டிகள். நம் டயர்கள் ஸ்னோவுக்கானவை அல்ல. ஸ்னோ தள்ளுகிற வண்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிற ஊரும் இது அல்ல. விடிந்தபோது என் சக்கரம் பாதி புதைந்திருந்தது. பக்கத்துக் காரில் ஒரு அம்மா, மெல்லிய சட்டையோடு இரண்டு பிள்ளைகள். என் போர்வையைக் கொடுத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அந்த இரவில் அந்தச் சாலையில் குளிரில் உயிர் போனதும் நடந்தது.

ஆகவே ஹோவிக் வரைதான் போகிறோம் என்றாலும் டாங்க் நிறைய பெட்ரோல் போடுங்கள். தலைக்கு ஒரு கம்பளி, தண்ணீர், கைபேசிக்குச் சார்ஜர், ஃபிளாஸ்க்கில் இஞ்சி தேநீர், உருளைக்கிழங்கு கறி வைத்துச் சுருட்டின ரொட்டி. மாட்டிக்கொண்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்காதீர்கள். இஞ்சினை மணிக்குப் பத்து நிமிஷம் ஓட்டினால் போதும். ஆனால் ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் இறங்கிப் போய்ப் புகைக்குழாயை அடைத்திருக்கிற ஸ்னோவைத் தள்ளிவிடுங்கள், ஜன்னலையும் ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் புகை உள்ளே வரும். அதில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது, தூங்கினபடியே ஆளைக் கொல்லும்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. கம்பளிச் சட்டைதான் நல்லது. பூட்ஸ் இல்லாத பிள்ளைகளுக்குக் காலுறைமேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ஷூவை மாட்டுங்கள். மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி.

ஓட்டும்போது பிரேக்கை அழுத்தாமல், கியரைக் குறைத்து வேகத்தைக் குறையுங்கள். பாலத்தின்மேலும் மலை நிழலிலும் சாலை ஈரமாக மட்டும் தெரிந்தால் அது ஐஸ் என்றே நினையுங்கள். கண்ணாடியில் ஐஸ் பிடித்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

மூன்று மணிக்குத் திரும்பிவிடுங்கள். ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், பகலில் உருகின தண்ணீர் திரும்ப உறையும். பிள்ளைகள் அழுவார்கள். கூலர் பெட்டி ஒன்று கொண்டுபோய் அதில் ஸ்னோவை அழுத்தி நிரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படித்தான் என் ஆயாவுக்கு ஒரு தடவை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து கொடுத்தோம். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, உருகி முடியும்வரை யாரிடமும் கொடுக்கவில்லை.